பினாங்கில் கடைசி வரிசைப் புல்

“…அதான் மேரி, இந்த ரெண்டு மாசமா உன் தம்பி சிலுவைய மட்டும் கிட்டக்கப் போயி படம் புடிச்சி அனுப்புனேன். சுத்தி இருக்கிறது தெரிஞ்சா நீ மனசு ஒடஞ்சி போயிடுவ லா. நேர்ல பாக்கறதுக்கு முந்தியே சொல்லிப்புடறேன், அங்க புல்லே இல்ல.”

பினாங்கு விமான நிலைய வாசலில், என் பெட்டியைத் தன் மோட்டார் சைக்கிளில் எந்தப் பக்கம் வைத்தால் விழாது என்று பார்த்துக்கொண்டே பிலோமினாக்கா இதைச் சொன்னார். ஐந்து வருடமாகப் போனில் மட்டும் கேட்ட குரல். நேரில் பார்த்த முதல் நிமிடத்தில், சுகமா என்று கேட்பதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்ட மனுஷியை நான் அதுவரை கண்டதில்லை. “அக்கா, முதல்ல ஒங்க கையக் குடுங்க” என்றேன். கொடுத்தார். புல்வெட்டும் மெஷினைப் பிடித்துப் பிடித்துக் காய்ச்சுப்போன கை. அந்தக் கையைப் பிடித்து நன்றி சொல்லத்தான் எங்கள் ஊரான கம்பத்திலிருந்து அத்தனை தூரம் வந்திருந்தேன்.

சகாயம் என் தம்பி. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். பெருந்தொற்று நாட்களில், விமானம் எதுவும் ஓடாத ஒரு மாதத்தில், அங்கேயே இறந்துபோனான். வெள்ளை அங்கி மாட்டிய நான்கு பேர் அவனை அடக்கம் செய்தார்கள். உறவென்று ஒருவரும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிற பிலோமினாக்கா மட்டும் தூரத்தில் நின்று செபமாலை சொல்லியிருக்கிறார். பிறகு சகாயத்தோடு வேலை பார்த்த ஒருவரிடம் என் எண்ணைக் கேட்டு வாங்கி ஒரு குரல் பதிவு அனுப்பினார். “நான் ஒங்களுக்கு யாரும் இல்லிங்க. ஆனா ஒங்க தம்பி தனியா போகல. நான் இருந்தேன்.” அந்தப் பதிவைப் பழைய போனிலிருந்து புதுப்போனுக்கு மாற்றத் தெரியாமல் பழைய போனையே இன்னும் வைத்திருக்கிறேன்.

பெட்டியை என் மடியில் வைத்து, அதற்கு மேல் என் தாடையை வைத்து, அக்காவின் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாம் வரை வந்து சேர்ந்தோம். வழியில் ஒரு வளைவில் என் தலைக்கவசம் கழன்று உருண்டது. பின்னால் வந்த லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, இறங்கி, எடுத்துத் துடைத்து, என் தலையில் மாட்டிவிட்டே போனார். எங்கள் ஊர் லாரிக்காரர்களும் நல்லவர்கள்தான். ஆனால் தலையில் மாட்டிவிடும் அளவுக்கு அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

பிலோமினாக்காவுக்கு அறுபத்துநாலு வயது. மின்பொருள் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒண்டி ஆள். ஒன்பதாவது மாடியில் சின்ன வீடு. காலையில் எழுந்ததும் “பசியாறிட்டியா?” என்று கேட்டார். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே எல்லோரும் சொல்வது அதைத்தான். நாங்கள் டிபன் என்கிறோம். அந்தச் சொல்லில் பசியும் இல்லை, ஆறுவதும் இல்லை. அன்று நான் பசியாறியது இடியாப்பமும் தேங்காய்ப்பூவும் கறுப்புச் சீனியும். இடியாப்பத்துக்குச் சொதியோ குருமாவோ இல்லாமல் சர்க்கரையா என்று முதல் வாய் யோசித்தது. மூன்றாவது வாய்க்குப் பிறகு யோசிக்கவில்லை.

கல்லறைத் தோட்டம் மலையடிவாரத்தில், சரிவில் இருக்கிறது. மேல் வரிசைகளில் சலவைக்கல், பீங்கானில் படம், வாசகம். கீழே, ஒரு முனை மலைக்காட்டைத் தொடும் கடைசி வரிசையில் பதினான்கு மண் கல்லறைகள். கல் வைக்க ஆள் இல்லாதவர்கள், தூரதேசத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஆளுக்கொரு இரும்புச் சிலுவை, அதற்குச் சுற்றிலும் புல். அந்தப் புல்தான் அவர்களுக்குக் கல். முன்பெல்லாம் போனில் நான் பார்த்த படங்களில் பச்சை விரிப்பு விரித்தாற்போல் இருந்தது அதுதான்.

இப்போது அது வைக்கோல் நிறத்தில் கிடந்தது. பிலோமினாக்கா குனிந்து இரண்டு விரலால் ஓர் ஓரத்தைத் தூக்கினார். பாயைச் சுருட்டுவது போலப் புல் மொத்தமாகக் கழன்று வந்தது. அடியில் வேர் என்று ஒன்றும் இல்லை. “தண்ணி ஊத்திப் பாத்தேன், உரம் போட்டுப் பாத்தேன். என்னத்தத்தான் செய்யல?” என்றார்.

நான் சகாயத்தின் சிலுவையைத் தொட்டுக் கும்பிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது. ஆனால் அழுதுகொண்டே என் கண் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழன்ற புல்லுக்கு அடியில் வெள்ளையாக, வளைந்து, தலை மட்டும் செம்பழுப்பாக ஒரு புழு. பக்கத்தில் இன்னொன்று. இவனை எனக்குத் தெரியும்.

எங்களுக்கு ஊரில் மலைமேல் ஒன்றரை ஏக்கர் ஏலக்காய் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் செடி செடியாக மஞ்சளித்துச் சாய்ந்தது. தோண்டினால் இதே வேர்ப்புழு, வண்டின் குஞ்சு. மருந்தை ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்த நேரத்தில் விவசாய அதிகாரி ஒரு பெண், டிபன் டப்பாவில் செங்கல் நிறத்தில் செத்த புழுக்களைக் கொண்டுவந்து தந்தார். “இதுக்குள்ள நூற்புழு இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாது. வேர்ப்புழுவத் தேடிக் கொல்லும். செடிக்கு அடியில புதைச்சு வைங்க” என்றார். நான் எட்டாவது வரைதான் படித்தேன். மீதியெல்லாம் இப்படி ஆளைக் கேட்டுக் கேட்டுப் படித்தது. அந்த அம்மாவை நான் விடவில்லை. எப்படி வளர்ப்பது, எப்போது ஊற்றுவது என்று எல்லாம் கேட்டு வாங்கி, இப்போது அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு நானே வளர்த்துக் கொடுக்கிறேன்.

மூன்றாம் நாள் பினாங்கு நகரத்தைப் பார்த்தேன். தமிழ்க் கடைகள், பூக்கட்டுகிறவர்கள், நாசி கண்டார் கடையில் சோற்றின் மேல் ஐந்து குழம்பை ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றுகிறவர். “எந்தக் கொளம்பு வேணும்?” என்று கேட்டவரிடம் “எது நல்லாயிருக்கும்?” என்றேன். “எல்லாம் சண்ட போட்டாதான் நல்லாயிருக்கும்” என்று எல்லாவற்றையும் ஊற்றினார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மறுநாளும் அங்கே போகலாம் என்று இருந்தேன். மறுநாள் வேறு மாதிரி விடிந்தது.

மறுநாள் கல்லறைத் திருநாள். மெழுகுவத்தியும் செவ்வந்தியுமாகக் குடும்பங்கள் வந்தன. மேலே செபம் ஆரம்பிக்கும்போது கீழே ஒரு பெண் கத்தினார். காட்டுப் பன்றிகள் மலையிலிருந்து இறங்கிவந்து, கடைசி வரிசையின் மலைப்பக்க முனையில் இரண்டு கல்லறைகளைக் கிண்டிப்போட்டிருந்தன. அதில் ஒன்று, கத்திய ஜூலியட் டீச்சரின் தாயாருடையது. ஏழை வீட்டுக் கல்லறை அல்ல. அந்த அம்மா தனக்குப் புல் மட்டும் போதும், கல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். டீச்சர் மண்ணில் உட்கார்ந்து, பிய்ந்த புல்லைத் திரும்பத் திரும்ப ஒட்டவைத்துக்கொண்டிருந்தார்.

கல்லறைத் தோட்டக் கமிட்டியின் தலைவர் ஸ்டீவன் வந்து பார்த்தார். வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், நிதானமான ஆள். “இத்தன தடவ சொல்லியாச்சு பிலோமினா. இனிமே முடியாது. இந்த வரிசைய மருந்தடிச்சி, மட்டம் பண்ணி, மொத்தமா சிமெண்டு போட்டுருவோம். சிலுவைய எடுத்துட்டு, சுவத்துல நம்பர் வச்சிக்கலாம்.”

“மொத்தமாவா சார்? யாரு எங்க இருக்காங்கன்னு எப்படித் தெரியும்?”

“நம்பர் இருக்குமே.”

“நம்பருக்கா மெழுகுவத்தி கொளுத்துறது?”

ஸ்டீவனுக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் குறுக்கே புகுந்தேன். வெளியூர்க்காரி, வந்து நான்கே நாள், எனக்கு என்ன உரிமை என்று அப்போது யோசிக்கவில்லை. “அண்ணே, பன்னி புல்லத் தேடி வரல. புல்லுக்கு அடியில இருக்கிற புழுவத் தேடி வருது. புழுவ ஒழிச்சா புல்லும் வரும், பன்னியும் வராது. நான் இருக்கிறது இருபத்தெட்டு நாள். அதுவரைக்கும் மருந்தும் வேணாம், சிமெண்டும் வேணாம். பிள்ளைங்க ஒக்காந்து சாப்பிடுற எடம்ணே இது.” அதுவும் உண்மை. சுற்றிலும் கல்லறைகளுக்கு நடுவே பாய் விரித்துக் குடும்பங்கள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

ஸ்டீவன் தலையைச் சொறிந்தார். “காண்ட்ராக்டர் எப்படியும் மாசக் கடைசியிலதான் வருவான். அதுக்குள்ள எனக்கு ஏதாச்சும் காட்டு. காட்டலன்னா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.”

வீட்டுக்கு வந்ததும் பிலோமினாக்கா கேட்டார். “அந்த நூலுப் புழுவ ஊர்ல இருந்து அனுப்பச் சொல்லலாமா?”

“உயிருள்ளத அப்படி நாடு விட்டு நாடு கொண்டாரக் கூடாதுக்கா. தேவையும் இல்ல. இங்க மண்ணுலயே இருப்பான். புல்லு நல்லா இருக்கிற எடத்துல தேடணும்.”

அவர் மெதுவாக, “கீழ உள்ளவங்களத் தொடாதே?” என்றார்.

நான் எத்தனையோ பேருக்கு இந்தப் புழுவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. “தொடாதுக்கா. அதுக்கு உயிரோட இருக்கிற பூச்சிதான் வேணும். அந்தப் பூச்சியோட வாயி வழியா, மூச்சு ஓட்ட வழியா உள்ள போயி, தன் வயித்துல இருக்கிற கிருமியக் கக்கும். பூச்சி ரெண்டு நாள்ல செத்துரும். அதுக்குள்ளயே இதுங்க குட்டி போட்டு, தீனி தீந்ததும் வெளிய வந்து அடுத்த பூச்சியத் தேடும். மனுசன், நாயி, மண்புழு, ஒண்ணும் அதுக்கு ஆகாது. அவ்வளவு ஆழத்துக்கும் போகாது.”

“அப்பன்னா சரி” என்றார். “சகாயம் தூங்குறான், தொந்தரவு பண்ணக்கூடாது.”

தேடுவதற்குத் தூண்டில் புழு வேண்டும். மண்ணில் நூற்புழு இருந்தால் அதற்குள் புகுந்து கொன்று, தான் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் ஊரில் தேனடையைத் தின்னும் மெழுகுப் புழுவை வளர்ப்போம். இங்கே பறவைக்குத் தீனியாகப் போடும் மஞ்சள் புழு கிடைக்கும் என்றார் அக்கா. பினாங்குக்காரர்களுக்குப் பாடும் பறவை என்றால் உயிர். நகரத்தில் ஒரு சீனப் பெரியவரின் பறவைக் கடைக்குப் போனோம். என்ன பறவை என்று மலாயில் கேட்டார். பறவை இல்லை, கல்லறைக்கு என்று அக்கா சொன்னதும் அவர் கை நின்றது. அக்கா முழுக்கதையையும் சொன்னார். கேட்டுவிட்டு அவர் இன்னும் இரண்டு பிடி புழுவைச் சும்மா அள்ளிப் போட்டார். அவர் சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னார். “என் சம்சாரமும் அந்தப் பக்கத்து மலையிலதான் இருக்கா. அவ புல்லுக்கும் வேணும்னா நான் வருவேன்னு சொல்றாரு.”

திரும்பும் பஸ்ஸில்தான் விபரீதம். ஓட்டுநர் ஒரு பிரேக் போட்டார். டப்பா மூடி பறந்தது. மஞ்சள் புழுக்கள் தரையெல்லாம் ஓடின. எங்கள் ஊர் பஸ்ஸில் இது நடந்திருந்தால் கண்டக்டர் எங்களை அடுத்த நிறுத்தம்வரைகூட விட்டிருக்க மாட்டார். இங்கே எதிர் இருக்கையில் இருந்த சீன அம்மா முதலில் காலைத் தூக்கிக்கொண்டார், பிறகு கையில் வைத்திருந்த விசிறியால் புழுக்களை ஓரமாக ஒதுக்கத் தொடங்கினார். முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியால் அள்ளிக் கொடுத்தார். அவர் இறங்கும்போது அக்காவிடம் சொன்னது: “உங்கள் பறவைக்கு நல்ல குரல் வரட்டும்.” அக்கா மறுத்துச் சொல்லவில்லை. “பாவம், நல்ல மனசோட சொல்லுது, கெடுப்பானேன்” என்றார்.

தோட்டத்தில் புல் பச்சையாக இருந்த பன்னிரண்டு இடங்களில் மண் எடுத்தோம். பன்னிரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து மஞ்சள் புழு. இருட்டு வேண்டும் என்பதால் அக்காவின் கட்டிலுக்கு அடியில் அடுக்கினோம். தினமும் காலையில் இரண்டு பேரும் குப்புறப் படுத்து, டப்பா டப்பாவாக இழுத்துப் பார்ப்போம். பெரும்பாலும் உயிரோடு ஓடின. சில செத்துக் கறுத்து நாறின. நாறினால் அது வேறு சாவு. நம்ம ஆள் கொன்றால் நாறாது.

ஐந்தாவது நாள், மேல் வரிசைக் குழாயடியில் எடுத்த மண்ணில் ஏழு புழு செத்திருந்தன. செம்பழுப்பு நிறம், தளதளவென்று, நாற்றம் இல்லை. “அக்கா, கிடைச்சிட்டான்!” மிச்சமிருந்த மஞ்சள் புழுக்களையெல்லாம் அந்த மண்ணிலேயே விட்டோம். அவையும் நாலைந்து நாளில் சிவந்தன.

“நெசமாவே அவன்தானா? நீ சும்மா சொல்லலியே?”

இந்த இன நூற்புழுவின் வயிற்றுக் கிருமிக்கு ஒரு குணம் உண்டு. செத்த புழு இருட்டில் மிக லேசாக மினுங்கும். கண் பழக வேண்டும். இரவுவரை பொறுக்காமல், நண்பகல் வெயிலிலேயே ஜன்னலைச் சாத்தி, இரண்டு பேரும் ஒரு கம்பளியைத் தலையோடு போர்த்தி, நடுவில் டப்பாவை வைத்து உட்கார்ந்தோம்.

“தெரியுதா?”

“உன் மூச்சுச் சத்தந்தான் தெரியுது. வெந்து சாகப்போறோம்.”

“பேசாம இருங்கக்கா. பத்து நிமிசம்.”

“பக்கத்து வீட்டு ஆளு வந்து பாத்தா ரெண்டு கெழவிக்கும் பைத்தியம்னு ஆசுபத்திரிக்குப் போன் பண்ணுவான்… அலாமாக்!” என்று மலாயில் வியந்து நிறுத்தினார். அவருக்கு முதலில் தெரிந்துவிட்டது. பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு மங்கல். பார்த்தால் மறையும், பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கினால் வரும். வியர்வை ஒழுக ஒழுகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்த வேலை அறுவடை. மூன்று தட்டில் தண்ணீர், நடுவில் கவிழ்த்த சின்ன மூடி, மூடியின் மேல் ஈரத்துணி, துணியின் மேல் செத்த புழுக்கள். உள்ளே தீனி தீர்ந்ததும் நூற்புழுக்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பி, ஈரத்தோடு ஊர்ந்து தண்ணீரில் இறங்கும். காத்திருந்த நாட்களில் அக்கா எனக்குச் சமையலாய்ச் சமைத்துப் போட்டார். புளிப்பு லக்சாவை முதல் நாள் மீன் ரசத்தில் நூடுல்ஸ் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். நான்காவது தடவை நானே கேட்டு வாங்கினேன். ஒருநாள் காலையில் தட்டுத் தண்ணீர் கலங்கியிருந்தது, அரிசி கழுவிய தண்ணீர்போல. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நெளிநெளியாய் உயிர். அன்று சாயங்காலம் ஊற்றிவிடலாம். வெயில் ஆகாது, அதனால் சாயங்காலம்தான்.

மகிழ்ச்சியில் பூசைக்குப் போய்த் திரும்பினேன். அக்கா கட்டிலருகே முழந்தாளிட்டிருந்தார். கையில் காலியான சின்னப் பொட்டலம்.

“என்னக்கா அது?”

“ஃபாதர் மந்திரிச்சுக் குடுத்த உப்பு. ரெண்டு தட்டுல போட்டாச்சு. மூணாவதுக்குத் தீந்துபோச்சு, போயி வாங்கியாரணும்.”

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். உயிருள்ள நூற்புழு நெளியும். செத்தது குச்சிபோல நேராகக் கிடக்கும். இரண்டு தட்டிலும் குச்சி குச்சியாகக் கிடந்தன. நல்ல தண்ணீர் மாற்றி, மாற்றி, ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒன்றும் நெளியவில்லை.

“ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? எங்க ஊர்ல சின்னப் புள்ளகூட உயிருள்ள தண்ணியில உப்பப் போடாதே!” என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. “குழாத் தண்ணின்னா சும்மா ஊத்துவேன். இது உசிருள்ளது. செத்தவங்க இருக்கிற மண்ணுக்குள்ள அனுப்புறோம். மந்திரிக்காம எப்படி அனுப்புறது? அது முறையில்லன்னு தோணிச்சி” என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய், எனக்குத் தேநீர் கலந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். நான் அதைச் சொல்லாமல் குடித்தேன். யாருமில்லாத நாளில் என் தம்பிக்காகத் தூரத்தில் நின்று முறையோடு செபம் சொன்ன மனசுதான் இந்த உப்பையும் போட்டது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திட்ட எனக்கு வாய் எப்படி வந்தது? “மன்னிச்சிருங்கக்கா” என்றேன். “ஒரு தட்டு இருக்கு லா” என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஒரு தட்டு மூன்று கல்லறைக்குத்தான் காணும். மறுபடி வளர்க்க நாள் இல்லை. “உன் தம்பிக்கு ஊத்து. பக்கத்துல உள்ள ரெண்டு பேருக்கு ஊத்து. அதுக்குத்தானே வந்த” என்றார் அக்கா. எனக்கும் ஆசைதான். பொய் சொல்லக்கூடாது, வாளியைத் தூக்கிக்கொண்டு சகாயத்தின் சிலுவை வரைக்கும் போய்விட்டேன். ஆனால் பன்றி இறங்கும் முனை அந்தப் பக்கம் இருந்தது. ஸ்டீவன் வந்து பார்க்கப்போவதும் ஜூலியட் டீச்சரின் அம்மாவைத்தான். அங்கே தோற்றால் பதினான்கு பேருக்கும் சிமெண்டு. வாளியை மாற்றிப் பிடித்துக்கொண்டு முனைக்கு நடந்தேன். முதலில் நல்ல தண்ணீரால் மண்ணை நனைத்தோம், பிறகு பூவாளியால் மூன்று கல்லறைக்கும் ஊற்றினோம். லேசாக மழை தூறியது. அதற்கும் நன்றி சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து, நான் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்து வரிசை முழுவதும் மரமுளை அடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நேராக, அழகாக, சிமெண்டுக்கு அளவு. ஸ்டீவனும் ஜூலியட் டீச்சரும் வந்தார்கள்.

“புல்லு ஒண்ணும் பச்சையாகலியேம்மா” என்றார் ஸ்டீவன்.

“ஒரு வாரத்துல புல்லு வராதுண்ணே. அடியில பாருங்க.”

கையில் சின்ன மண்கரண்டியோடு அவர் தயங்கினார். கல்லறையில் எப்படிக் குத்துவது? டீச்சர் கரண்டியை வாங்கிக்கொண்டார். “எங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொன்னா என்னத்தானே சொல்லுவாங்க” என்று தாயாரின் கல்லறையில் ஒரு கையகலம் தோண்டினார்.

மண்ணில் ஐந்து வேர்ப்புழுக்கள் இருந்தன. ஒன்று வெள்ளையாக, சோம்பலாக அசைந்தது. நான்கு செங்கல் நிறத்தில், தொளதொளவென்று, செத்துக் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், பழைய புல்லின் அடியிலிருந்து முடி முடியாகப் புதுவேர் இறங்கியிருந்தது. அந்த வாரம் அந்த முனையில் பன்றி கிண்டிய தடமும் இல்லை. வரிசையின் நடுவில்தான் புதுக் குழிகள் இருந்தன.

“இது தானாவே செத்திருக்கலாமே?” என்றார் ஸ்டீவன். நியாயமான கேள்வி. வங்கியில் இருந்தவர் அல்லவா.

அதற்குப் பதில் ஒரே இடத்தில்தான் இருந்தது. நான் அவர்களைச் சகாயத்திடம் கூட்டிப்போனேன். மருந்தும் படாத, நூற்புழுவும் படாத இடம். நானே குனிந்து புல்லை இழுத்தேன். பாயாகக் கழன்றது. அடியில் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் வெளிச்சம் பட்டுச் சுருண்டன. தம்பியின் கல்லறை இப்படியிருப்பதை இரண்டு பேருக்கு நானே காட்ட வேண்டி வந்தது. ஆனால் அந்தக் காலையில் கடைசி வரிசைக்குச் சாட்சி சொல்ல அவனை விட்டால் ஆள் இல்லை.

ஸ்டீவன் இங்கும் அங்கும் இரண்டு முறை நடந்து பார்த்தார். செங்கல் புழுவைக் கையில் வாங்கி மோந்தும் பார்த்தார். “நாறல” என்றார், தனக்குத் தானே. பிறகு, “ஈஸ்டர் வரைக்கும் டைம் குடுங்கன்னு கமிட்டியில கேக்கறேன். கேக்கறேன்னுதான் சொல்றேன். கெடைக்கும்னு சொல்லல.”

“ஒண்ணா கேப்போம் சார். நானும் வர்றேன்” என்றார் ஜூலியட் டீச்சர். எனக்கு அந்த அம்மாளின் காலைத் தொட வேண்டும்போல் இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்தச் செத்த புழுவத் தூக்கிப் போட்டுறாதீங்க” என்று நான் சொன்னேன். “உள்ள இன்னும் கிளம்பாத கூட்டம் இருக்கும். அதுதான் இனிமே வெத.”

பிலோமினாக்கா ஸ்டீவனின் கையிலிருந்ததையும் மண்ணில் கிடந்த மூன்றையும் தன் உள்ளங்கையில் பொறுக்கிக்கொண்டார். வெயில் படாமல் இன்னொரு கையால் மூடிக்கொண்டு, வரிசையோரமாகச் சகாயத்தின் கல்லறைக்கு நடந்தார். கயிறு குறுக்கே இருந்தது. காண்ட்ராக்டரின் முளையை ஆட்டிப் பிடுங்கினார். ஸ்டீவன் “பிலோமினா…” என்றார். அவர் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றி முழந்தாளிட்டு, அந்த முளையின் கூர்முனையாலேயே சிலுவைக்கு நாலு பக்கமும் நாலு குழி குத்தி, குழிக்கு ஒன்றாகப் புழுவை வைத்து மண்ணை மூடினார்.